இடது கை முடிச்சு

மூக்கடியிலிருந்து காது வரைக்கும் மேல்தாடை முழுக்க ஒரே குடைச்சல். பல் டாக்டரம்மா கம்பியை இறுக்கி அனுப்புகிற நாளெல்லாம் தம்பிக்கு இப்படித்தான். பகல் முழுக்கத் தூக்கிய இரும்புக்குத் தோள் வலித்திருக்க வேண்டும், இடுப்பு வலித்திருக்க வேண்டும். அதெல்லாம் எப்போதோ மரத்துப்போயிருந்தது. வாய் மட்டும்தான் உயிரோடு இருந்தது. குழைய வடித்த சோற்றை மெல்லாமலே விழுங்கிவிட்டு எழுந்து, குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் போய் நின்று, உதட்டைத் தூக்கிப் பார்த்தான். ஒவ்வொரு பல்லின் மேலும் ஒரு இரும்புப் பொட்டு. பொட்டுகளைக் கோத்துக்கொண்டு ஓடுகிற ஒரு கம்பி. அந்தக் கம்பி நழுவாமல் இருக்க ஒவ்வொரு பொட்டிலும் முடியை விடக் கொஞ்சம் தடித்த ஒரு குட்டிக் கட்டுக்கம்பி, முறுக்கி, வாலை மடக்கிச் செருகி. டாக்டரம்மா முதல் தடவை அதைக் கட்டியபோது அவன் வாயைத் திறந்தபடியே சிரித்துவிட்டான். அவனும் காலையிலிருந்து மாலை வரை செய்வது அதே வேலைதான். இரும்புக் கம்பி இரும்புக் கம்பியைக் கடக்கும் இடத்தில் கட்டுக்கம்பியைச் சுற்றிக் கொக்கியால் முறுக்குவது. அவனுடையது கட்டடத்துக்கு, அந்த அம்மாவுடையது வாய்க்கு.

சின்ன பிளாஸ்டிக் டப்பாவைத் திறந்து மெழுகு நூலில் ஒரு முழம் அறுத்தான். வளைகிற பிளாஸ்டிக் ஊசியில் அதைக் கோத்து, பெரிய கம்பிக்கு அடியில் நுழைத்து, மறுபக்கம் இழுத்தான். சாதாரண ஆள் பல் இடுக்கில் நூலை அப்படியே இறக்கிவிடலாம். கம்பி போட்டவனுக்கு ஒவ்வொரு இடுக்குக்கும் புதிதாகக் கோக்க வேண்டும். சிமெண்டுப் பாலில் வெந்து, தோல் உரிந்து, கொக்கிப் பிடி பட்டுக் காய்த்துப்போன விரல்களுக்கு அந்த நூல் இருப்பதே தெரியவில்லை. ஈறுக்கும் தன் மேல் படுவது நூலா அரமா என்று தெரியவில்லை. முதல் இடுக்கிலேயே ரத்தம் வந்துவிட்டது.

"ரம்பம் மாதிரி அறுக்காதீங்க," என்று டாக்டரம்மா சொல்லியிருந்தாள். "பல்லைக் கட்டிப்பிடிச்ச மாதிரி நூலை வளைச்சு, ஈறுக்குள்ள லேசா இறக்கி, மேல கீழ. அவ்வளவுதான். சோம்பேறித்தனப்பட்டு விட்டீங்கன்னா ஈறு வீங்கும். முன்னாடி இருக்குற ரெண்டும் இன்னும் எலும்புல ஊணல. ஈறு கெட்டுச்சுன்னா கம்பியோட சேந்து கையில வந்துரும். அப்புறம் என்கிட்ட வந்து அழாதீங்க."

எப்படி இப்படி ஆச்சு என்று அவள் கேட்டதற்கு, "கம்பி பட்டுருச்சு," என்று சொல்லியிருந்தான். பொய் இல்லை. கம்பி அண்ணன் கையில் இருந்தது என்பதை மட்டும் சொல்லவில்லை.

கூடத்தில் டிவி சத்தம் கூடியது. தம்பி நூலை எடுத்தால் அண்ணன் சத்தத்தைக் கூட்டுவான், இல்லாவிட்டால் சட்டையை மாட்டிக்கொண்டு தெருவுக்குப் போய்விடுவான். மாதா மாதம் பல் ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் வண்டியில் கொண்டுவந்து விடுகிறவன் அவன்தான். உள்ளே வரமாட்டான். எதிர்க்கடை நிழலில் வண்டி மேலேயே உட்கார்ந்து, கவனமாக வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருப்பான். அடித்த நாளிலிருந்து இன்றுவரை தம்பியின் வாயை அவன் ஒரு தடவை கூடப் பார்த்ததில்லை.

அந்த அடி இன்னமும் சைட்டில் கதையாக ஓடிக்கொண்டிருக்கிறது. தூணுக்கான கம்பிக்கூட்டைத் தரையில் படுக்கப் போட்டுக் கட்டி, பிறகு தூக்கி நிறுத்துவார்கள். அந்தக் கூட்டைக் கட்டும் பொறுப்பு தம்பியுடையது. நடுவில் கட்டுக்கம்பி தீர்ந்துபோய் அவன் ஸ்டோருக்குப் போனான். திரும்பி வந்தபோது பின்பக்கம் கட்டி முடிந்திருந்தது. யாரோ கைகொடுத்திருக்கிறார்கள் என்று நினைத்தான். கான்கிரீட் வண்டி வாசலில் நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்ததால் யார் என்று கேட்க நேரமில்லை. கூட்டை நிறுத்தினார்கள். பின்பக்கத்து முடிச்சுகள் சட்டை பித்தான் மாதிரி ஒவ்வொன்றாகத் தெறிக்க, கூடு இடுப்பு ஒடிந்து சாய்ந்து, கீழே நின்ற பொடிக்காரரின் காலில் விழுந்தது. எந்நேரமும் மூக்குப்பொடியும் கையுமாக இருக்கிற மனுஷன். அவருடைய முழங்காலுக்குக் கீழே எலும்பு வெளியே வந்து வெயிலில் வெள்ளையாகத் தெரிந்தது. அவர் கத்தவில்லை. தன் காலை யாருடைய கால் என்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அண்ணன்தான் கம்பி மேஸ்திரி. ஓடி வந்தவன் பொடிக்காரரைப் பார்த்தான், கூட்டைப் பார்த்தான், அவிழ்ந்த முடிச்சுகளைப் பார்த்தான். பிறகு தம்பியைப் பார்த்தான். அடி விழப்போகிறது என்று தெரிந்து தம்பி முகத்தைத் திருப்பினான். உலகத்தில் எல்லாரும் அடிக்கிற பக்கத்தை நினைத்துத் திருப்பினான். அண்ணன் இடது கைக்காரன். கம்பிக் கொக்கியை இறுக்கிப் பிடித்திருந்த இடது முஷ்டி, திரும்பி வந்த வாய்க்கு நேராக வந்து விழுந்தது. முன்பல் இரண்டும் உள்ளே மடிந்து அண்ணத்தில் ஒட்டிக்கொண்டன. கீழே விழுந்தவனின் விலாவில் அண்ணன் பூட்ஸ் காலால் இரண்டு உதை விட்டான். "முடிச்சா போடுறே? மனுஷன் காலை வாங்கிட்டியேடா நாயே!" கம்பிக்காரர்கள் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். யாரும் தடுக்கவில்லை. தம்பிக்கே கூட, வாயில் ரத்தத்தைத் தேக்கிக்கொண்டு படுத்திருந்தபோது, இது நியாயம்தான் என்று தோன்றியது.

அது நியாயமில்லை என்று தெரிந்தது அடுத்த வாரம். வீங்கின வாயோடு வேலைக்குத் திரும்பியவனுக்கு, விழுந்த கூட்டைப் பிரித்து அடுக்குகிற வேலையைக் கொடுத்தார்கள். பின்பக்கத்தில் தெறிக்காமல் மிச்சமிருந்த முடிச்சுகளைக் குறடால் வெட்டும்போது கை நின்றது. முடிச்சு அரைச் சுற்றோடு நின்றிருந்தது. அப்புறம் முறுக்கிக்கொள்ளலாம் என்று விட்ட முடிச்சு. அதோடு, அது தலைகீழாகச் சுற்றியிருந்தது. வலது கைக்காரன் கொக்கியைச் சுற்றினால் கட்டுக்கம்பி ஒரு பக்கமாகத் திருகிக்கொள்ளும். இடது கைக்காரன் சுற்றினால் அதற்கு எதிர்ப்பக்கம். கம்பிக்காரர்களில் இடது கை ஒன்றுதான், அண்ணனுடையது. தம்பி ஒரு முடிச்சை நறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். டாக்டரம்மா நூலும் டப்பாவும் கொடுத்த பிறகு முடிச்சு அந்த டப்பாவுக்குள் போய்விட்டது. தினமும் சாயங்காலம் நூல் எடுக்கும்போது அதைப் பார்ப்பான். தன் முடிச்சு என்று தெரியாமல் அண்ணன் அடித்தானா, தெரிந்துதான் அடித்தானா? தெரியாது என்றால் விட்டுவிடலாம். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளை, போகட்டும். தெரியும் என்றால்? அதற்கு மேல் அவனால் யோசிக்க முடிந்ததில்லை. கேட்கவும் வாய் வரவில்லை.

சைட்டில் அவனுக்குப் பெயர் கம்பிவாயன் என்று ஆகிவிட்டது. கலவை மிஷின் ஓட்டுகிறவன் வைத்த பெயர். நல்ல வாய்க்காரன். "டேய் கம்பிவாயா, மழையில சிரிக்காதடா, துரு புடிச்சிரும்" என்பான். "மத்தியானம் வாயைத் திறந்துக்கிட்டு தூங்காதே, கம்பி கட்டி ரெடியா இருக்குன்னு நினைச்சு எவனாவது கான்கிரீட்டை ஊத்திரப் போறான்" என்பான். தம்பியும் உதட்டை மூடிக்கொண்டு சிரித்துவிடுவான்.

கம்பியை இறுக்கிய மறுநாள் சாப்பாட்டு நேரத்தில், எல்லாரும் மரச்சட்டங்களின் மேல் உட்கார்ந்திருக்கும்போது, மிஷின்காரன் தட்டோடு வந்து அவன் வாயைக் குனிந்து பார்த்தான்.

"அந்த டாக்டரம்மாவை நம்ம சைட்டுக்குக் கூட்டிட்டு வாங்கப்பா. ஒரு முடிச்சு விடாம கட்டியிருக்கு பாரு. இவன்கிட்ட விட்டிருந்தா பல்லும் பொடிக்காரர் கால் மாதிரி போயிருக்கும்."

சிரிப்பு கிளம்பியது. தம்பி சிரிக்கவில்லை. அண்ணனைப் பார்த்தான். அண்ணன் எதிரில்தான், எட்டிப் பிடிக்கிற தூரத்தில் இருந்தான். அவனும் சிரிக்கவில்லை. தட்டை ஓரமாக வைத்துவிட்டு, சுண்ணாம்புக் கட்டியை எடுத்து, அளக்கவே தேவையில்லாத ஒரு கம்பியை அளந்து கோடு போட்டான். ஒரு வார்த்தை சொல்ல வேண்டிய இடம் அது. 'விடுப்பா' என்றாவது சொல்லியிருக்கலாம். சுண்ணாம்பு உடைந்தது. குனிந்து உடைந்த துண்டைத் தேடினான்.

தம்பி பாய்ந்த வேகத்தில் மிஷின்காரன் தட்டோடு பறந்தான். தம்பி அவன் மேல் ஏறி உட்கார்ந்து முகத்தைப் பார்த்துக் குத்தினான். முதல் குத்தில் மூக்கு நசுங்கியது. இரண்டாவதுக்கு வாய் கிழிந்தது. மூன்றாவது குத்துக்கு அவன் தலையைக் குனிந்துகொள்ள, முஷ்டி ஹெல்மெட்டில் போய் மோதியது. உள்ளே ஏதோ ஒன்று காய்ந்த குச்சி மாதிரி முறிவதைத் தம்பி கேட்டான். வலது கை மணிக்கட்டோடு செத்துவிட்டது. ஆனாலும் நிறுத்தவில்லை. முழங்கையால் இடித்தான். காதைப் பிடித்துத் திருகித் தலையைத் தரையில் அடித்தான். காதோரம் கிழிந்து ரத்தம் கழுத்துக்குள் இறங்கியது. நாலு பேர் சேர்ந்து இழுத்துப் பிரித்தார்கள். அப்போதும் உதைத்துக்கொண்டேதான் போனான். மிஷின்காரன் எழுந்து உட்கார்ந்து, ரத்தத்தைத் துப்பி, "கிண்டல்தானேடா பண்ணேன்," என்று அழாத குறையாகச் சொன்னான். அவன் சொன்னது உண்மைதான். தம்பி அடித்தது அவனை இல்லை.

அண்ணன் வந்து அவன் சட்டையைப் பிடித்தான். "கையைக் காட்டு." வீங்கிக்கொண்டிருந்த புறங்கையைப் பார்த்தான். "போச்சா? வா, ஏறு வண்டியில."

சாயங்காலம் விரல் நுனிகள் மட்டும் எட்டிப்பார்க்கிற மாவுக்கட்டோடு கண்ணாடி முன் நின்று, இடது கையால் நூலை ஊசியில் கோக்கப் பார்த்தான் தம்பி. கோக்க முடியவில்லை. பல்லால் ஒரு நுனியைக் கடிக்கலாம் என்றால் பல் கடிக்கிற நிலையில் இல்லை. நூல் கீழே விழுந்தது, ஊசி விழுந்தது, டப்பாவும் விழுந்து உருண்டது. சண்டையில் எங்கோ பட்டு முன்பல்லின் குட்டிக் கம்பி வால் வெளியே நீட்டி, உதட்டின் உள்பக்கத்தைக் குத்திக்கொண்டிருந்தது. சுவரில் இடது கையால் ஓங்கி அறைந்தான்.

அண்ணி எட்டிப் பார்த்தாள். டப்பாவை எடுத்துக் கொடுத்தாள். "ஒரு நாள் விட்டா என்ன?"

"நேத்து இறுக்கினது. ஏற்கெனவே வீங்கியிருக்கு அண்ணி. விட்டா பல்லு போயிரும்னு சொல்லிருக்காங்க."

அண்ணி கூடத்துக்குப் போனாள். டிவி அணைந்தது. "நீங்கதானே உடைச்சீங்க? நீங்களே போய் சுத்தம் பண்ணுங்க. எனக்கும் அவனுக்கும் கூச்சமா இருக்கு. போங்கன்னா."

"உன் வேலையைப் பாரு."

"அதான் பாக்குறேன். இத்தனை மாசமா ரத்தம் துப்புன தொட்டியைக் கழுவுறது நான்தானே. எழுந்திரிங்க."

அண்ணன் வந்தான். குளியலறையில் இரண்டு ஆம்பளைகள் நிற்க இடமில்லை. பிளாஸ்டிக் ஸ்டூலைக் கதவோரம் போட்டு, "உக்காரு, தலையைச் சாய்," என்றான். தம்பி சாய்ந்தான். அண்ணனின் வலது கை அவன் தாடையைப் பிடித்தது. தொட்ட மாத்திரத்தில் தம்பியின் விலா தானாக இறுகியது. உடம்பு எதையும் மறப்பதில்லை.

"திற."

திறந்தான். அண்ணன் பார்த்தான். வெகு நேரம் பார்த்தான். பல்பு வெளிச்சத்துக்காகத் தலையைத் திருப்பித் திருப்பி, ஒரு தூணைச் சுற்றிவந்து பார்ப்பதைப் போல. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "எந்தப் பக்கத்துலருந்து?"

"ஓரத்துலருந்து. கம்பிக்கு அடியில விடணும். அறுக்கக் கூடாது, வளைச்சு மேல கீழ."

அண்ணன் கை வேலைக்காரன் கை. நூல் ஒரே தடவையில் ஊசிக்குள் போனது, ஊசி கம்பிக்கு அடியில் போனது. துருவும் எண்ணெயும் மணக்கிற தடித்த விரல்கள் வாய்க்குள் வந்து, நம்பவே முடியாத அளவுக்கு மெதுவாக நூலை ஈறுக்குள் இறக்கின. தம்பி தன் கையால் செய்ததை விட வலி குறைவாகத்தான் இருந்தது. அதுதான் அவனுக்கு ஆத்திரமாக இருந்தது. ஒவ்வொரு இடுக்கிலும் சிவந்த நூலை அண்ணன் தொட்டித் தண்ணீரில் அலசினான். மூச்சு மட்டும் தம்பியின் நெற்றியில் பட்டுக்கொண்டிருந்தது.

முன்பல்லுக்கு வந்தபோது நூல் மாட்டிக்கொண்டது. "இங்க ஒரு வால் நீட்டிக்கிட்டிருக்கு."

"குத்துது. ராத்திரி உதட்டைக் கிழிச்சிரும்."

"இரு." அண்ணன் போய் வேலைப் பைக்குள்ளிருந்து சின்னக் குறடை எடுத்துவந்து சோப்புப் போட்டுக் கழுவினான். "முறுக்கி உள்ள தள்ளிடுறேன். நம்ம வேலைதானே." குறடின் மூக்கு வாலைப் பிடித்தது. அண்ணனின் இடது மணிக்கட்டு தன் போக்கில் ஒரு சுற்றுச் சுற்றியது. இறுகவில்லை. இன்னொரு சுற்று. கம்பி விரிந்து, பிளந்து, இரண்டு வாலாக ஈறில் ஏறியது. தம்பி 'ம்ம்ம்' என்று முனகித் தொடையில் குத்திக்கொண்டான். வாய் நிறைய ரத்தம்.

"அசையாத. என்னடா இது, முறுக்க முறுக்க அவுருது?"

குறடை விலக்கித் துப்பிவிட்டுத் தம்பி சொன்னான். "நீ உன் பக்கமா சுத்துறே. அது வலது கை கட்டுனது."

அண்ணன் கையில் குறடு அப்படியே நின்றது. தொட்டியில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. தம்பி டப்பாவைத் திறந்து, நூல்கண்டை எடுத்துப் போட்டுவிட்டு, அடியில் கிடந்ததை அண்ணனின் உள்ளங்கையில் கவிழ்த்தான். துருப்பிடித்த கட்டுக்கம்பி முடிச்சு, அரைச் சுற்று. அண்ணன் அதைக் கட்டைவிரல் நகத்தால் ஒரு தடவை திருப்பினான். எந்தக் கூட்டிலிருந்து என்று கேட்கவில்லை. அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, குறடைப் பிடித்து, இந்தத் தடவை சரியான பக்கமாக முறுக்கி, வாலை மடக்கினான். ஆள்காட்டி விரலைப் பல்லுக்குப் பின்னால் கொடுத்து, பல் ஆடாமல் தாங்கிக்கொண்டான். விரல் உள்ளே இருக்கும்போதே சொன்னான்.

"அன்னிக்கே பாத்துட்டேன்டா. கை ஓங்குறதுக்கு முந்தியே."

தம்பியின் தாடை மூடிக்கொண்டது. அவன் மூடவில்லை, அது தானாக மூடிக்கொண்டது. தோல் கிழிவதும், அதற்கடியில் நரம்பு வழுக்குவதும், அதற்கும் அடியில் எலும்பு தட்டுவதும் பல் வழியாக அவன் மண்டைக்குள் கேட்டது. அண்ணன் கையை இழுக்கவில்லை. சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டான். "கடி," என்றான். "எடுத்துக்கோ." தம்பி இன்னும் அழுத்தினான். அண்ணனின் ரத்தம் தன்னுடையதை விட உப்பாக இருந்தது. அப்போது முன்பல் இரண்டும் தங்கள் குழிக்குள் நகர்ந்தன. ஈரமண்ணில் நட்ட குச்சி நகர்வதைப் போல. கண்ணுக்குள் வெள்ளையாக வெடித்தது. இன்னும் கொஞ்சம் கடித்தால் விரல் துண்டாகிவிடும். அதற்கு முன்னால் பல் வந்துவிடும். அண்ணனை அடித்த அடியாக அது ஆகாது. அவன் போட்ட அடியை அவனுக்காக முடித்துக்கொடுத்ததாகத்தான் ஆகும்.

வாயைத் திறந்தான். அண்ணனின் விரலில் தோல் கிழிந்து தொங்கியது.

"இது வேணாம் எனக்கு," என்றான் தம்பி. பேச்சோடு ரத்தம் தெறித்தது. "இங்க, கதவைச் சாத்திக்கிட்டு, இது வேணாம். அங்க அடிச்சே இல்ல? அங்க சொல்லு. எல்லாரும் இருக்கும்போது சொல்லு. பொடிக்காரர் வீட்டுல போய் சொல்லு."

"சொன்னா எவன்டா நாளைக்கு என் கீழ கம்பி தூக்குவான்? அந்தாளு காலுக்கு நான் என்னடா பதில் சொல்லுவேன்?"

"நான் சொல்லிட்டு இருக்கேனே, இத்தனை மாசமா. என் வாயால."

அண்ணி வாசலில் வந்து நின்றாள். தரையைப் பார்த்தாள். எது யாருடைய ரத்தம் என்று தெரியவில்லை. ஒரு துணியைக் கிழித்துப் புருஷன் பக்கம் எறிந்துவிட்டுப் போனாள். அண்ணன் விரலைச் சுற்றிக் கட்டினான். பல்லால் ஒரு நுனியைப் பிடித்து, முறுக்கி, இறுக்கி. தம்பி அந்தக் கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். இந்தத் தடவை அரைச் சுற்றில் விடவில்லை.

"இன்னும் எத்தனை இடுக்கு?" அண்ணனின் குரல் எங்கிருந்தோ வந்தது.

"பின்னாடி மூணு."

அண்ணன் புதிதாக நூல் அறுத்தான். கட்டுப் போட்ட விரலோடு கோக்க வரவில்லை. இரண்டாம் தடவையும் வரவில்லை. மூன்றாவது தடவை ஊசிக்குள் போனது. "கை கூடுற வரைக்கும் தினம் நான்தானா?"

"வேற யாரு?"

"தினம் கடிப்பியா?"

தம்பி தலையைச் சாய்த்து வாயைத் திறந்தான். மஞ்சள் பல்பு கம்பியில் பட்டு, வாய்க்குள் வரிசையாக மினுங்கியது. அண்ணனின் சட்டைப் பையில் அந்த முடிச்சு துணிக்கு மேலே சின்னதாகத் துருத்திக்கொண்டிருந்தது. நூல் கம்பிக்கு அடியில் நுழைந்து, மறுபக்கம் வெளுப்பாக எட்டிப் பார்த்து, மெதுவாகச் சிவந்தது. முடிச்சு என்னுடையது என்று அத்தனை பேர் முன்னால் அண்ணன் சொல்ல வேண்டியது பாக்கி இருந்தது.